கர்ப்ப காலப் பதற்றம்: அக்கறையோடு செய்யப்படும் தவறுகள்

"கவலைப்படாதம்மா, பிள்ளைக்கு ஆகாது." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எந்தப் பெண்ணும் பிரசவம் வரை போவதில்லை. அம்மா சொல்வார், மாமியார் சொல்வார், மின்தூக்கியில் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் அதுவரை அவளுக்கு ஒரு கவலை, இப்போது இரண்டு. ஸ்கேனில் என்ன வருமோ என்பது முதலாவது. கவலைப்பட்டுக் கவலைப்பட்டே பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிட்டேனோ என்பது இரண்டாவது. ஸ்கேன் நல்லபடியாக முடிந்தால் முதலாவது தீர்ந்துவிடும். இரண்டாவதற்குத் தீரும் தேதி கிடையாது. கர்ப்ப காலப் பதற்றத்தில் நடக்கும் தவறுகள் பலவும் இந்த ரகம்தான்: தணிக்கப் போய் அதற்கே தீனி போடுபவை.

தாயின் மனநிலைக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2009இல் தொடங்கி சீன, மலாய், இந்தியத் தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்துவரும் சிங்கப்பூரின் 'குஸ்டோ' ஆய்வு அந்தத் தொடர்பையும் ஆராய்ந்திருக்கிறது. ஆனால் இத்தகைய ஆய்வுகள் காட்டுவது, பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் ஒரு போக்கை. ஒரு மோசமான வாரமோ, இரவெல்லாம் அழுததோ குழந்தையின் தலையெழுத்தை மாற்றிவிடாது. கவனிக்கப்படாமல் மாதக்கணக்கில் நீளும் கடுமையான பதற்றம்தான் பிரச்சினை. அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

எல்லாருக்கும் வருவதுதானே?

கொஞ்சம் பயம் எல்லாருக்கும் வரும். அதற்காக எல்லாப் பயத்தையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுவது அடுத்த தவறு. பிரித்துப் பார்க்க இரவு நேரம் உதவும். அதிகாலை 3 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, வந்து படுத்ததும் தூக்கம் பிடித்தால் அது கர்ப்பம். கண்ணை மூடியும் மனம் ஓட்டத்தை நிறுத்தாமல் விடியும்வரை புரண்டுகொண்டிருந்தால், அதுவும் இரண்டு வாரமாகப் பெரும்பாலான இரவுகள் இப்படியென்றால், அது வேறு. சோறு இறங்காமல் போவது, ரயிலில் ஏறப் பயந்து விடுப்பு எடுப்பது, மருத்துவரைப் பார்க்கும் நாளையே தள்ளிப்போடுவது ஆகியவையும் இதில் சேரும்.

மருத்துவமனைகளில் இதை அளக்கக் கேள்வித்தாள்கள் உண்டு. 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். கடந்த 7 நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்கத்தான் அதை உருவாக்கினார்கள் என்றாலும் 3, 4, 5ஆம் கேள்விகள் பதற்றத்தைத் தொடுபவை: காரணமில்லாமல் தன்னையே குறை சொல்லிக்கொள்வது, காரணமில்லாமல் கவலைப்படுவது, காரணமில்லாமல் பயப்படுவது. இந்த மூன்றில் மட்டும் அதிகமாகவும் மொத்தத்தில் குறைவாகவும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். "மொத்தம் 8தானே" என்று அவர்களை அனுப்பிவிடக் கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது 10ஆம் கேள்வி. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறெந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவானாலும், அன்றே பேச வேண்டும்.

கேள்வித்தாளை நிரப்பும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மருமகளுக்கு ஆங்கிலம் சரளமாக வராது, மாமியார் மொழிபெயர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் "சில சமயம்" என்பாள். தாதியின் காதுக்கு "இல்லை" என்று போய்ச் சேரும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, குடும்ப மானம். அந்தக் கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். தமிழ் பேசும் தாதி இருக்கிறாரா என்றும் கேட்கலாம். கணவர் உள்பட எல்லாரும் அந்த 5 நிமிடம் வெளியே உட்காரட்டும்.

படபடப்பெல்லாம் மனமல்ல

இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறுகிறது. புரோஜெஸ்டிரோன் மூச்சை ஆழமாக்குகிறது, அதனால் ஒன்றும் செய்யாமலே மூச்சு வாங்குவதுபோல் தோன்றும். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலும் படபடப்பும் வரும். இடப்பக்கம் ஒருக்களித்ததும் ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் காரணம் அதுதான். இதையெல்லாம் தெரியாதவருக்கு ஒவ்வொன்றும் மாரடைப்பாகத் தெரியும்.

மறுபக்கம், எதைச் சொன்னாலும் "உனக்குப் பதற்றம்" என்று தள்ளிவிடும் வீடுகள். இரத்தசோகையும் அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டும் அச்சு அசலாகப் பதற்றம் போலவே இருக்கும். மனநல ஆலோசனைக்கு முன்போ அதோடு சேர்த்தோ, ஹீமோகுளோபினையும், தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச்சையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். திடீர் நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கண் மங்கலோடு கடும் தலைவலி ஆகியவை மூச்சுப்பயிற்சிக்கான நேரமல்ல. நேரே மருத்துவமனை.

கோப்பி பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீன். கோப்பிக்கடைகளில் பெரும்பாலும் புழங்குவது ரொபஸ்டா கொட்டை. அராபிகாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன் அதில். காலையில் ஒரு கோப்பி 'ஓ' (பால் சேர்க்காதது), மாலையில் இன்னொன்று, இடையில் தேத்தண்ணீர் என்றால் வரம்பைத் தாண்டிவிடலாம். மாலைப் படபடப்புக்கு மனத்தைக் குறை சொல்லுமுன் கோப்பையைப் பாருங்கள்.

"நல்லா மூச்சை இழு"

பதற்றம் வந்தவரிடம் எல்லாரும் சொல்வது இது. கர்ப்பிணியின் இரத்தத்தில் கரியமில வாயு ஏற்கெனவே வழக்கத்தைவிடக் குறைவு. அவர் வேகவேகமாக, ஆழமாக இழுத்தால் அது இன்னும் குறைந்து, விரல் நுனியும் உதடும் மரத்துப்போய், தலை கிறுகிறுக்கும். பயம் அதிகமாகும். செய்ய வேண்டியது மூச்சை விடுவதை நீட்டுவது. மூக்கால் சாதாரணமாக 4 எண்ணும்வரை இழுத்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். 5 நிமிடம் போதும். அடக்கிப் பிடிக்க வேண்டாம். பதற்றம் இல்லாத நேரத்தில் தினமும் இரண்டு முறை பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாகப் பழகப் பார்த்தால் வராது.

வீட்டில் டாப்ளர்

வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க இணையத்தில் வாங்கும் சின்ன டாப்ளர் கருவியால் பதற்றம் குறையும் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. பதறிப்போயிருக்கும் தாயின் நாடி 120ஐ எளிதாகத் தொட்டுவிடும். கருவி காட்டுவது யாருடையது? பழகாத கைக்குத் தெரியாது. தன் நாடியையே குழந்தையுடையது என்று நம்பி, அசைவு குறைந்திருந்தும் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து. துடிப்பு கிடைக்காவிட்டால், நன்றாக இருக்கும் குழந்தைக்காக அந்த இரவு முழுக்கக் கண்ணீர்.

28 வாரத்துக்குப் பிறகு உங்கள் குழந்தை எப்போது அசையும் என்பது உங்களுக்கே பழகியிருக்கும். அந்தப் பழக்கம் மாறினால், குறைந்தால், டாப்ளரும் வேண்டாம், இனிப்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் காலைவரை காத்திருப்பதும் வேண்டாம். எந்த நேரமானாலும் மருத்துவமனையை அழையுங்கள். அசைவு வழக்கம்போல இருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கத் தோன்றினால், அது பதற்றத்தின் வேலை. கூகலில் தேடுவதும், கணவரிடம் "எல்லாம் சரிதானே?" என்று நாளுக்கு இருபது தடவை கேட்பதும் இதே வகை. ஒவ்வொரு பதிலும் அரை மணி நேர நிம்மதி தரும். அடுத்த முறை அது பத்து நிமிடமாகச் சுருங்கும்.

எண்களால் வரும் பயமும் உண்டு. குழந்தைக்கு டவுன் நோய்க்குறி போன்ற கோளாறு இருக்கும் வாய்ப்பைக் கணிக்க 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கும் ஆஸ்கார் சோதனை "1:280" என்று வந்தால் 280இல் 279 பேருக்கு அந்தக் கோளாறு இல்லை என்று பொருள். அது சல்லடைதான், தீர்ப்பல்ல. காகிதத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாமல் மருத்துவரிடமே விளக்கம் கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது

இதைத்தான் தவறுகளில் தலையாயது என்பேன். ஏற்கெனவே பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர், சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே மாத்திரையைக் குப்பையில் போடுகிறார். செர்ட்ரலின் போன்ற, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பரவலாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் குமட்டல், தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். முதல் மாதங்களில் இதையெல்லாம் மசக்கை என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். சில வாரங்களில் பழைய நோய் திரும்பியிருக்கும்.

"பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்பதும் தீர்வல்ல. குழந்தைக்கு மருந்தும் போகிறது, தாய்க்கு நோயும் அடங்கவில்லை; இரண்டு பக்கத்துக் கெடுதலும் கையில். கர்ப்பத்தின் பிற்பாதியில் உடல் மருந்தை வேகமாகக் கரைப்பதால் சிலருக்கு அளவைக் கூட்டவேண்டியும் வரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கருவைப் பாதிப்பதாக நன்கு அறியப்பட்ட வால்புரோவேட் போன்ற மருந்தானாலும் தானாக நிறுத்தாமல், அன்றே மருத்துவரை அழைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்ஆர்ஐ எடுத்த தாய்க்குப் பிறந்த குழந்தை சில நாள் சற்று நடுக்கமாக இருக்கலாம்; பெரும்பாலும் தானே சரியாகும். மருந்து விவரத்தைப் பிரசவ மருத்துவரிடம் முன்பே சொல்லியிருந்தால் கவனித்துக்கொள்வார்கள்.

ஊரிலிருந்து வரும் அமுக்கரா சூரணம், அதாவது அஸ்வகந்தா, "மூலிகைதானே" என்று மாத்திரைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மருந்தில்லாமல் பேச்சுவழிச் சிகிச்சையால் குணமாகுபவர்கள் நிறைய. ஆனால் அது வாரக்கணக்கில் நடப்பது. 20ஆவது வாரத்தில் தொடங்கினால் முடிக்கலாம். 36ஆவது வாரத்தில் தொடங்கினால் பாதியில் பிரசவம் வந்துவிடும். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளுக்கென்றே மனநலச் சேவை உண்டு. வழக்கமான பரிசோதனையிலேயே உங்கள் மருத்துவரிடம் சொல்லி அங்கே அனுப்பச் சொல்லலாம்.

சொல்லாமல் வைத்திருப்பவை

மூன்று மாதம் யாரிடமும் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். நம்பிக்கையில் கைவைக்க வேண்டாம். ஆனால் பயம் மிகுந்த வாரங்கள் அவைதான், குறிப்பாக முன்பு ஒரு கரு கலைந்திருந்தால். ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை, கணவர் தவிர ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

யாருமே சொல்லாத இன்னொன்று: "பிள்ளையைக் கீழே போட்டுவிடுவேனோ", "கத்தியால் ஏதாவது செய்துவிடுவேனோ" என்று அழையாமல் வரும் எண்ணங்கள். அவை வந்ததும் உடம்பு நடுங்கினால், அதனாலேயே கத்தியைத் தொடாமல் ஒதுங்கினால், பெரும்பாலும் அது பதற்றத்தின் ஒரு வடிவம். அப்படிச் செய்யும் விருப்பம் அல்ல. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சி மறைக்கிறார்கள். மருத்துவருக்கு இது பழகிய விஷயம். ஆனால் அந்த எண்ணம் சரியென்றே தோன்றுவது, காதில் குரல் கேட்பது, தூங்காமலே களைப்பின்றி இருப்பது ஆகியவை அவசரம்: சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. இரவில் பேச ஆள் வேண்டுமானால் 24 மணி நேரமும் தேசிய மைண்ட்லைன் 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767.

உதவியை ஒரே வாரத்தில் குவிப்பது

கர்ப்பத்தில் பதற்றம் இருந்தவர்களுக்குப் பிறந்த பிறகும் அது தொடர வாய்ப்பு அதிகம். அப்படியிருக்க, பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கும் அதே வாரங்களில் கணவரும் தம் விடுப்பை எடுத்துத் தீர்த்துவிடுகிறார். பிறகு பாட்டியின் வருகை அனுமதி முடிகிறது, கணவர் வேலைக்குத் திரும்புகிறார், வீவக அடுக்குமாடி வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடிமகப் பிள்ளைகளின் தகுதியுள்ள தந்தையர்க்கு 4 வாரம் அரசாங்க ஊதிய விடுப்பு உண்டு. முதலாளி ஒத்துக்கொண்டால் அதைப் பிரித்து 12 மாதத்துக்குள் எடுக்கலாம். பாட்டி விமானம் ஏறும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு மறுநாள் தொடங்கும்படி 2 வாரத்தை ஒதுக்கி, பிரசவத்துக்கு முன்பே முதலாளியிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.