ஒரே வீடு, மூன்று போர்ஷன், தனித்தனி மீட்டர்: லோடு கணக்கிட்டு வயரிங் பிரிப்பது எப்படி

சொந்தமாகக் குடியிருந்த பழைய வீட்டை இரண்டு மூன்று போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுவது தமிழ்நாட்டு ஊர்களில் சர்வசாதாரணம். சுவர் எழுப்புவதற்கும் குளியலறை கட்டுவதற்கும் லட்சங்கள் செலவழிப்பவர்கள் கரண்ட் விஷயத்தில் மட்டும் "இருக்கிற லைன்லயே ஒரு மீட்டரைப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வாடகைதாரர் ஏ.சி. மாட்டிய முதல் கோடையில் மெயின் கருகுவதும், பில் தகராறு வருவதும் இதனால்தான். வரிசையாகச் செய்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில் விதி. ஒரே கதவு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட சர்வீஸ் (மின் இணைப்பு) வேண்டுமானால், ஒவ்வொரு பகுதியும் கட்டட அளவிலும் மின் வயரிங்கிலும் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் ஈ.பி.யில் இதைக் கறாராகவே பார்ப்பார்கள். தனி வாசல், தனிச் சமையலறை, தனி வயரிங் மூன்றும் தயாரான பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. நடுவில் ஒரு கதவை வைத்துப் பூட்டிவிட்டு "தனி போர்ஷன்" என்றால் ஏற்க மாட்டார்கள்.

அடுத்தது லோடு, அதாவது சாதனங்கள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரம். சதுர அடியை வைத்தோ பல்பை எண்ணியோ கணக்கிட வேண்டாம். ஒரு படுக்கையறை போர்ஷனில் இன்று என்னென்ன இருக்கும் என்று எழுதுங்கள்: எல்.இ.டி. விளக்கு ஆறு, 54 வாட். ஃபேன் மூன்று, 225. ஃபிரிட்ஜ் 200, டி.வி. 100, மிக்சி 750, கிரைண்டர் 150, வாஷிங் மெஷின் 400, அயர்ன் பாக்ஸ் 1000, கீசர் 2000, ஒன்றரை டன் ஏ.சி. 1700, இண்டக்‌ஷன் அடுப்பு 1800. மொத்தம் சுமார் 8.4 கிலோவாட். மின்சார ஸ்கூட்டர் இருந்தால் சார்ஜருக்கு இன்னொரு 750 வாட்.

எல்லாமே ஒரே நேரத்தில் ஓடாது. ஆனால் காலை ஆறரை மணியை மனதில் ஓட்டிப் பாருங்கள்: கீசர், இண்டக்‌ஷன், மிக்சி, ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு சேர்ந்து 5 கிலோவாட். சிங்கிள் பேஸில் அது 22 ஆம்பியர். உள்ளறையில் ஏ.சி. இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 29 ஆம்பியர். போர்ஷனின் உண்மையான அளவு இந்த அரை மணி நேரம்தான். ஒயர், எம்.சி.பி. (கரண்ட் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்), சர்வீஸ் எல்லாவற்றையும் இதற்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மின் விநியோக விதித்தொகுப்பின்படி சிங்கிள் பேஸ் இணைப்புக்கு எல்லை 4 கிலோவாட். ஆகவே ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் மூன்றும் வரக்கூடிய போர்ஷனுக்கு யோசிக்காமல் த்ரீ பேஸ் கேளுங்கள். சிறிய போர்ஷன், கேஸ் அடுப்பு, ஏ.சி. கிடையாது என்றால் சிங்கிள் பேஸ் போதும். டெபாசிட்டை மிச்சம் பிடிக்க லோடைக் குறைத்து எழுதுவது வீண். மீட்டரில் அதிகபட்ச டிமாண்ட், அதாவது நீங்கள் இழுத்த உச்ச லோடு, பதிவாகிறது. பின்னால் லோடு ஏற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அதே வேலையை வாடகைதாரர் குடியிருக்கும்போது செய்ய வேண்டிவரும்.

மீட்டரிலிருந்து போர்ஷனின் டி.பி. (கரண்டை அறைகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வரை போகும் ஒயரில்தான் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். குழாய்க்குள் இழுத்த செம்பு ஒயருக்குப் பாதுகாப்பான கணக்கு: 2.5 சதுர மி.மீ.க்கு 18 ஆம்பியர், 4க்கு 24, 6க்கு 31, 10க்கு 42. எம்.சி.பி.யின் ஆம்பியர் ஒயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டவே கூடாது. சிங்கிள் பேஸ் போர்ஷனுக்கு 4 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி. த்ரீ பேஸுக்கு அதே 4 சதுர மி.மீ. நான்கு ஒயர், 20 ஆம்பியர் நான்கு போல் எம்.சி.பி. இரண்டிலும் பச்சை எர்த் ஒயர் தனியாகக் கூடவே வர வேண்டும்.

தூரத்தையும் பாருங்கள். மீட்டர் கீழே, போர்ஷன் இரண்டாம் மாடியில், ஒயர் 20 மீட்டர் என்று வையுங்கள். 22 ஆம்பியர் ஓடினால் 2.5 சதுர மி.மீ.யில் சுமார் 8 வோல்ட் விழும், 4இல் 5, 6இல் மூன்று. கோடை இரவில் ஏற்கெனவே 200 வோல்ட்தான் வரும் தெருவில் அந்த 8 வோல்ட் போனால் ஏ.சி. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறும். அப்படிப்பட்ட தெரு என்றால் மாடிக்கு 6 சதுர மி.மீ. இழுத்துவிடுங்கள்.

இனி மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து வரும் மெயின் லைன். இரண்டு பெரிய போர்ஷனுக்குத் தலா 5 கிலோவாட், சிறியதற்கு 3, ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டாருக்கு 1, ஆக 14. மூன்று பேஸிலும் (ஆர், ஒய், பி) சமமாகப் பிரிந்தால் பேஸுக்கு 20 ஆம்பியர். ஆனால் அது தானாகப் பிரியாது. இரண்டு பெரிய போர்ஷனின் கீசரும் ஆர் பேஸில் இருந்து, சிறிய போர்ஷனும் அதே பேஸில் அமைந்தால் அந்த ஒரு பேஸில் மட்டும் 30 ஆம்பியர் ஓடும். எனவே முதல் போர்ஷனின் கீசர் ஆர் பேஸ், இரண்டாவதன் கீசர் ஒய் பேஸ், சிறிய போர்ஷன் முழுதும் பி பேஸ் என்று முன்கூட்டியே தாளில் எழுதிவைத்து வயர்மேனிடம் கொடுங்கள். லைனுக்கு 16 சதுர மி.மீ. நான்கு கோர் அலுமினிய ஆர்மர்ட் கேபிளும் 40 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். கம்பத்திலிருந்து எந்தப் பொருளை யார் தர வேண்டும் என்பதை செக்‌ஷன் ஆபீஸில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது சர்வீஸ் ஒன்று தனியாக வேண்டும். அதை ஒரு வாடகைதாரர் மீட்டரில் கோத்துவிட்டால் மாதாமாதம் சண்டைதான்.

அளவைவிடப் பெரிய சிக்கல் நியூட்ரல். பழைய வீட்டில் எல்லா அறைக்கும் நியூட்ரல் ஒன்றாகவே ஓடியிருக்கும். பேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை அப்படியே விட்டால், கீழ் வீட்டில் ஃபேன் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சாதனம்) விழும், போன கரண்ட் வந்த வழியே திரும்பாமல் அடுத்த போர்ஷன் நியூட்ரல் வழியாகத் திரும்புவதுதான் காரணம். இதற்குத் தீர்வு ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிப் போடுவது அல்ல. உயிரைக் காப்பது அந்த 30 மில்லி ஆம்பியர் சாதனம்தான், அதில் கைவைக்க விடாதீர்கள். இப்படி இரண்டு போர்ஷனுக்கு இடையே கலந்த திருட்டு நியூட்ரல் பெரும்பாலும் மாடிப்படி டூ-வே சுவிட்சிலும், இரண்டு போர்ஷனுக்கும் பொதுவாக வைத்த இன்வெர்ட்டரிலும் ஒளிந்திருக்கும். இன்வெர்ட்டர் போர்ஷனுக்கு ஒன்று, அல்லது வேண்டவே வேண்டாம்.

த்ரீ பேஸில் நியூட்ரல் லூசானால் விளைவு இன்னும் மோசம். லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 400 வரை ஏறி டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அலுமினியக் கேபிளின் முனைக்குச் சரியான லக் (உலோகக் கொண்டி) போட்டு அழுத்தி, பஸ்பாரில் (ஒயர்களை இணைக்கும் உலோகப் பட்டை) இறுக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. மீட்டர் போர்டுக்கு எர்த் குழி இரண்டு போட்டு, இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் 500 வோல்ட் மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் அல்லது நசுங்கிய ஒயர். பிறகு ஃபியூஸைப் பிடுங்கி, லைனில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மூன்று போர்ஷனின் நியூட்ரலையும் மெயினில் கழற்றி, மல்டிமீட்டரில் ஒன்றுக்கொன்று தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கவே கூடாது. கடைசியாக எல்லாவற்றையும் மாட்டி, ஒரு போர்ஷனின் மெயினை மட்டும் அணைத்துவிட்டு வீடு முழுக்க ஒவ்வொரு பிளக்கிலும் டேபிள் லேம்ப்பைச் செருகிப் பாருங்கள். அந்த போர்ஷனில் ஒன்றும் எரியக் கூடாது, மற்றவற்றில் எல்லாம் எரிய வேண்டும். மூன்றுக்கும் இதைச் செய்த பிறகு மீட்டர் பெட்டியில் போர்ஷன் பெயரைப் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். ஸ்டிக்கர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.