ஒரு பகுதி ஏன் பின்தங்கியது என்று ஆராய்வது எப்படி: பீகாரை முன்வைத்து

திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் பீகார் இளைஞர்களைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும்: கங்கை பாயும் மண்ணை விட்டுவிட்டு இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் 'அந்த ஊரில் யாரும் உழைப்பதில்லை', 'மக்கள்தொகை பெருத்துவிட்டது', 'அரசியல்வாதிகள் சுருட்டிவிட்டார்கள்' என்று நாம் கைவசம் வைத்திருக்கும் பதில்கள், ஆராய்ச்சியைத் தொடங்கும் முன்பே முடித்துவைக்கின்றன. நாள் முழுவதும் நின்று வேலை செய்வதற்காகவே இரண்டு நாள் ரயிலில் வருபவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது எனக்கு அநியாயமாகவே படுகிறது. நம் முன் வைக்கப்படும் ஒவ்வொரு காரணத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: இது எந்த ஆண்டில் தொடங்கியது, யார் எடுத்த முடிவு, அதனால் பயனடைந்தவர் யார்?

முதல் வேலை, அளந்து பார்ப்பது. தனிநபர் வருமானம் மட்டும் போதாது. நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் குறியீடு, ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, சமையல் எரிபொருள், வீடு எனப் பன்னிரண்டு கூறுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதால் அதிலிருந்து தொடங்கலாம். 2015-16ஆம் ஆண்டின் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பீகார் மக்களில் 51.91 விழுக்காட்டினர் வறியவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 33.76 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு 4.89இலிருந்து 2.20க்கு வந்தது. நிலையை மட்டுமன்றி வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்தங்கிய பகுதி என்றால் அசையாமல் கிடக்கும் பகுதி என்று பொருளில்லை. மாநிலச் சராசரியோடு நின்றுவிடாமல் மாவட்டத்துக்கு இறங்குங்கள்: முதல் கணக்கில் பாட்னா மாவட்டத்தின் வறுமை முப்பது விழுக்காட்டை ஒட்டி இருந்தபோது, வங்காள எல்லையிலுள்ள கிஷன்கஞ்சில் அது அறுபதைத் தாண்டியிருந்தது. எல்லைக் கோடுகளிலும் கவனம் வேண்டும். 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் தனி மாநிலமானபோது நிலக்கரியும் இரும்பும் பெருந்தொழில்களும் அதனோடு போய்விட்டன. ஆகவே 1991இன் பீகாரையும் 2011இன் பீகாரையும் ஒரே நிலப்பரப்பு என்று எண்ணி ஒப்பிட்டால் முடிவு தவறாகிவிடும்.

அடுத்து இயற்கையைப் பாருங்கள். மண் வறண்டதா, மழை பொய்ப்பதா என்று பார்த்தால் பீகாரில் அந்தப் பதில் செல்லாது. வண்டலும் நீரும் நிறைந்த சமவெளி அது. வெள்ளம் உண்மைதான். ஆனால் வெள்ளத்திடமும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். 1954இல் மாநிலத்தில் வெள்ள அபாயமுள்ள நிலமாகக் கணக்கிடப்பட்டது 25 லட்சம் ஹெக்டேர். அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் ஆறுகளின் ஓரமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கரைகள் எழுப்பப்பட்டன. அபாயப் பரப்போ 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. இமயத்திலிருந்து வண்டலைச் சுமந்துவரும் கோசி போன்ற ஆற்றைக் கரைகளுக்கிடையே அடக்கினால், வண்டல் பரவ இடமின்றி ஆற்றுப்படுகையிலேயே தங்கி அதை உயர்த்துகிறது. வெளிப்புறத்து மழைநீரோ ஆற்றில் வடிய வழியின்றித் தேங்குகிறது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கோசியின் கரை உடைந்து, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்தபோது, ஆற்றில் ஓடிய நீர் அந்தக் கரை தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்ட அளவைவிட மிகக் குறைவு. 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக நில உரிமையின் வரலாற்றைத் தேடுங்கள். என் கணிப்பில் மிகுதியான நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். 1793இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்திலும் பீகாரிலும் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை என்றென்றைக்குமாக முடிவு செய்யப்பட்டது. உழவரிடமிருந்து அவர் பெறும் குத்தகைக்கு நடைமுறையில் அத்தகைய வரம்பு இருக்கவில்லை. விளைச்சல் பெருகினாலும் வரி கூடாது என்பதால் கால்வாய் வெட்டவும் நிலத்தை அளந்து ஆவணப்படுத்தவும் அரசுக்கு அக்கறை இல்லாமற்போனது. நிலம் தனதில்லை என்பதால் கிணறு தோண்ட உழவருக்குத் துணிவில்லை. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்த ரயத்துவாரி முறையும் கொடிய வரிச்சுமையோடுதான் வந்தது. ஆயினும் அங்கே அரசு உழவரோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்கள் விடுதலைக்குப் பின்னரும் வேளாண் முதலீட்டிலும் விளைச்சலிலும் மற்ற மாவட்டங்களைவிடப் பின்தங்கியே இருந்ததைக் காட்டியது. சட்டம் போனாலும் அது வளர்த்த சமூக அமைப்பு எளிதில் போவதில்லை: 1950இன் பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து தர்பங்கா ஜமீனின் காமேஷ்வர் சிங் வழக்காடி, 1951இல் பாட்னா உயர்நீதிமன்றத்தில் வென்றார், அதன்பின் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

நான்காவதாக, அப்பகுதிக்கு வெளியே, தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவுகளைத் தேடுங்கள். 1950களில் நடுவண் அரசு சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையைக் கொண்டுவந்தது. அன்று பீகாரில் இருந்த ஜாம்ஷெட்பூரில் வார்த்த எஃகை ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் மதராஸில் வாங்கினாலும் ஒரே விலை. தூரத்துக்கான கூடுதல் செலவு எல்லோருக்குமாகப் பகிரப்பட்டது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைப்பதால் வரும் ஆதாயம் இதனால் இல்லாமற்போகவே, தொழில்கள் துறைமுகங்களை நாடிச் சென்றன. பருத்திக்கு இந்தச் சமன்பாடு இல்லை. எனவே மேற்கிந்தியா தன் இயற்கை ஆதாயத்தை இழக்கவில்லை. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று தமிழ்நாட்டு மேடைகள் முழங்கிய அதே காலத்தில், வடக்கின் ஒரு பெரும்பகுதி தன் எஃகைத் தெற்குக்கும் மேற்குக்கும் தன் ஊர் விலையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. அன்றைய முழக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. வடக்கு என்பது ஒன்றல்ல என்பதைத்தான் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் கொள்கை கைவிடப்பட்டபோது ஆலைகள் வேறிடங்களில் வேரூன்றிவிட்டிருந்தன.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை வங்கிகளின் கடன்–வைப்பு விகிதத்தில் காணலாம். 2000களில் பீகார் மக்கள் வங்கியில் போட்ட ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஐம்பதுகூட அம்மாநிலத்தில் கடனாகத் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் அந்த எண் நூறை ஒட்டியிருந்தது. ஏழைப் பகுதியின் சேமிப்பு வளர்ந்த பகுதியின் முதலீடாகிறது.

காரணங்களைத் திரட்டியபின் சோதித்துப் பார்க்க வேண்டும். கனிம வளம் செல்வம் தரும் என்றால் ஜார்க்கண்ட் செழித்திருக்க வேண்டும். 2019-21 கணக்கில் அங்கே வறியவர் 28.81 விழுக்காடு, பீகாருக்கு அடுத்த இடம். அதேபோல், 1793இன் திட்டம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கும் என்றால், அதே திட்டத்துக்கு ஆட்பட்ட மேற்கு வங்காளத்தின் வறுமை பீகாரைவிட மிகக் குறைவாக இருப்பதற்கும், 1978இல் அங்கு தொடங்கி வாரக் குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்த 'ஆபரேஷன் பர்கா'வுக்கும் உங்கள் விளக்கத்தில் இடம் இருக்க வேண்டும். எழுத்தறிவின்மை, இடப்பெயர்வு, மக்கள்தொகைப் பெருக்கம் ஆகியவை விளைவாகத் தொடங்கிக் காரணமாக மாறுபவை. எது முந்தியது என்பதை ஆண்டுவாரியாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும். மாற்றம் நிகழ்ந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 2006 முதல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு மிதிவண்டி வழங்கியபோது, உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் மாணவியர் சேர்க்கை மிகுதியாக உயர்ந்தது. பெண்பிள்ளைகளைத் தடுத்தது பெற்றோரின் மனம் மட்டுமன்று, தூரமும்கூட என்பது அப்போது தெரியவந்தது.

இந்த முறையைச் சொந்த மண்ணில் பழக விரும்புவோர் இராமநாதபுரத்திலிருந்து தொடங்கலாம். பின்தங்கியவை எனத் தேர்ந்தெடுத்து 2018இல் நடுவண் அரசு அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே. விருதுநகர் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. அங்கே மழைக்குறைவு உண்மையான காரணம். ஆனால் இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக நிலையான நிலவரித் திட்டத்தின்கீழ் இருந்தவை என்பதும் உண்மை. கண்மாய்களை யார் பராமரித்தார்கள், எப்போது விட்டுவிட்டார்கள், அந்நாளில் வரி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பழைய மாவட்ட விவரச் சுவடிகளையும் வருவாய்த்துறைப் பதிவுகளையும் முதலில் எடுத்துப் பாருங்கள். மழைக் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.