வேன்ல இருக்கிற கழிவு டேங்க் லீக்கானா என்ன பண்ணணும், கையோட எதெல்லாம் மாத்திடணும்

வால்பாறை போயிட்டு பெங்களூர் திரும்பும்போது அத்திப்பள்ளி டோல் தாண்டினதும் பின்னாடி உக்காந்திருந்த மச்சான் "மாமா, ஏதோ நாத்தம் வருது, வண்டிய ஓரங்கட்டுங்க"ன்னு சொன்னான். கீழ குனிஞ்சு பார்த்தா டாய்லெட் டேங்க்லேருந்து பைப் வெளிய வர்ற இடத்துல சொட்டு சொட்டா ஒழுகுது. ரோட்டுல ஒழுகிட்டே வந்திருக்கோம்னு நெனச்சதும் மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அன்னிக்கு ஆரம்பிச்சு டேங்க், பைப், வால்வ், வென்ட் (டேங்க் வாயு வெளிய போற பைப்) எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பிரிச்சு மாத்தினேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். டெம்போ ட்ராவலரோ பழைய மினி பஸ்ஸோ வாங்கி வீடு மாதிரி மாத்தி வெச்சிருக்கிறவங்களுக்கு கண்டிப்பா உதவும்.

எங்க வண்டில ரெண்டு டேங்க். சிங்க்கும் குளிக்கிற தண்ணியும் போறது கிரே டேங்க், 100 லிட்டர். டாய்லெட்டுக்கு பிளாக் டேங்க், 60 லிட்டர். ரெண்டும் வண்டிக்கு அடில ஆங்கிள் ஃப்ரேம்ல தொங்குது.

முதல்ல சுத்தம் பண்ணிடுங்க. கழிவோட இருக்கிற டேங்க்ல ஸ்பேனரே வெக்காதீங்க. முழுசா காலி பண்ணிட்டு, பாதி அளவுக்கு தண்ணி ஊத்தி ஒரு கை சோப்புத்தூள் போட்டு, ரிங் ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, தண்ணி உள்ள அலம்பி அலம்பி ஓரத்துல ஒட்டினதெல்லாம் விடும், திரும்ப காலி பண்ணுங்க, இதையே மூணு தடவை. பிளீச்சிங் பவுடரும் டாய்லெட் ஆசிட்டும் சேர்த்து ஊத்திடாதீங்க, குளோரின் வாயு வரும், மூடின இடத்துல உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரை சிறுநீர் இருக்கிற டேங்க்ல தனியா போட்டாலும் நல்லதில்ல, அதுல இருக்கிற அம்மோனியாவோட சேர்ந்து அதுவும் விஷ வாயுதான். கையுறை, கண்ணாடி ரெண்டும் வேணும். மூடியைத் திறந்ததும் முகத்தை கிட்ட கொண்டு போய் எட்டிப் பார்க்காதீங்க, உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தங்கியிருக்கும், பக்கத்துல சிகரெட், லைட்டர் எதுவும் கூடாது.

இந்த வேலைக்கு இன்னொருத்தரை கூப்பிட்டு கையை விட்டு அள்ளச் சொல்றதை தயவுசெஞ்சு பண்ணாதீங்க. மனுஷ மலத்தை மனுஷன் கையால அள்ளுறதை தடை பண்ணி 2013லயே சட்டம் வந்தாச்சு. நம்ம பக்கத்துல கேஜிஎஃப்ல (கோலார் தங்கவயல்) பிறந்த பெஜவாடா வில்சன் வாழ்நாள் முழுக்க இதுக்காகவே போராடுறார், 2016ல மகசேசே விருது கொடுத்தாங்க. நம்ம டேங்க்கை நாமதான் கழுவணும், யாரும் கை விடாமயே கழுவுற மாதிரி அமைச்சிடணும். நான் பண்ணின ஒவ்வொரு மாத்தமும் இதை வெச்சுத்தான்.

அடுத்தது, லீக் எங்கன்னு கண்டுபிடிக்கணும். வால்வை மூடி டேங்க்கை விளிம்பு வரைக்கும் தண்ணில நிரப்பி துணிக்கு போடுற நீலம் கொஞ்சம் கலந்து விடுங்க, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கு கீழயும் பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலையில நீலக்கறை எந்த ஜாயின்ட்டுக்கு நேரா இருக்கோ அதுதான் ஆளு. ஈரம் ஒரு இடத்துல தெரியும், லீக் வேற இடத்துல இருக்கும், பைப் ஓரமாவே தண்ணி ஓடி வந்து சொட்டும், அதனால கறைக்கு மேல தடவிப் பார்த்துக்கிட்டே மேட்டுப்பக்கம் போங்க.

எங்க டேங்க்ல பிரச்சனை என்னன்னா, வண்டி கட்டிக்கொடுத்தவங்க ஹெச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) டேங்க்ல பிவிசி பைப்பை சால்வென்ட் சிமெண்ட் போட்டு ஒட்டி, மேல எம்சீல் (பிசைஞ்சு ஒட்டுற எபாக்சி) அப்பி வெச்சிருந்தாங்க. பிவிசிக்கும் பிவிசிக்கும் சால்வென்ட் சிமெண்ட் ஒட்டுதுன்னா அது ரெண்டு பக்க பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் கரைச்சு ஒண்ணாக்குறதாலதான், வெறும் பசையா நின்னு ஒட்டுறதில்ல. ஹெச்டிபிஇயும் பாலிப்ரொப்பிலீனும் அந்த சிமெண்ட்ல கரையவே கரையாது. எம்சீலும் அதுமேல சரியா பிடிக்காது, நாலு ஸ்பீட் பிரேக்கர் குதிச்சா பிளந்துடும். வெளிய பார்க்க கெட்டியாத்தான் தெரியும், அதை நம்பி மறுபடி எம்சீல் அப்பி நாள் கடத்தாதீங்க.

அதனால உங்க டேங்க் என்ன பிளாஸ்டிக்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். அடில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், 2ன்னா ஹெச்டிபிஇ, 5ன்னா பாலிப்ரொப்பிலீன், 3ன்னா பிவிசி, 7ன்னா மத்ததெல்லாம், ஏபிஎஸ்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் அதுலதான் வரும். நம்பர் இல்லன்னா ஓரத்துல ஒரு சின்ன துண்டு சீவி தண்ணில போடுங்க. மிதந்தா ஹெச்டிபிஇ இல்ல பாலிப்ரொப்பிலீன், முழுகினா ஏபிஎஸ் இல்ல பிவிசி. முழுகினதுல அசிட்டோன் தொட்டுத் தேய்ச்சா பிசுபிசுன்னு கரைஞ்சு வர்றது ஏபிஎஸ்.

மிதக்கிற ரகம்னா வழி ரெண்டு. ஒண்ணு, ஹாட் ஏர் கன்ல அதே பிளாஸ்டிக் ராடு வெச்சு வெல்டிங், ஹெச்டிபிஇக்கு ஹெச்டிபிஇ ராடுதான், மாத்திப் போட்டா பிடிக்காது. பெங்களூர்ல பீன்யா பக்கம் பிளாஸ்டிக் டேங்க் ஃபேப்ரிகேஷன் பண்றவங்ககிட்ட கழட்டி எடுத்துட்டு போங்க, கண்டிப்பா கழுவி எடுத்துட்டு போங்க. இன்னொண்ணு, டேங்க் நிப்பிள், வீட்டு சின்டெக்ஸ் டேங்க்குக்கு போடுற அதே சாமான்தான், ரப்பர் வாஷர் போட்டு உள்ளயும் வெளியயும் நட்டு இறுக்குறது. இதுக்கு சுவர் சமதளமா இருக்கணும், உள்ள கை போகணும். நான் அதுக்காகவே டேங்க் மேல் பக்கம் திருகு மூடியோட 6 இஞ்ச் ஓட்டை ஒண்ணு போட்டுட்டேன், டேங்க் புதுசு மாதிரி கழுவியிருக்கும்போதே. இப்ப அந்த வழியாத்தான் ஹோஸ் விட்டு அலசுறேன், இந்த மூடி மட்டும் ஆரம்பத்துலயே இருந்திருந்தா எவ்வளவோ வேலை மிச்சமாகியிருக்கும். ஏபிஎஸ் டேங்க்னா ஏபிஎஸ் சிமெண்ட் தனியா கேட்டு வாங்குங்க.

இப்ப பைப். கிரேக்கு ஒன்றரை இஞ்ச், பிளாக்குக்கு 3 இஞ்ச், இதுக்கு கம்மி வேண்டாம். சரிவு ஒரு அடிக்கு கால் இஞ்ச், அதாவது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். சம தரையில வண்டிய நிறுத்தி மட்டம் பார்த்து போடுங்க, தெரு சாய்வுல நிக்கும்போது பார்த்தா எல்லாமே தப்பாகும். 90 டிகிரி எல்போ போடுற இடத்துல எல்லாம் 45 ரெண்டு போடுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சும்மா சொருகிப் பார்த்து மார்க்கர்ல கோடு போட்டுக்கணும், வெட்டின முனையை உப்புத்தாள் போட்டு பிசிறு எடுக்கணும், சிமெண்ட் ரெண்டு பக்கமும் தடவி கால் சுத்து திருகி அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், அப்புறம் 24 மணி நேரம் தண்ணியே விடக்கூடாது. அவசரப்பட்டு அன்னிக்கே தண்ணி விட்டா திரும்ப அறுத்துத்தான் எடுக்கணும்.

வால்வ்ல ஒரு சிக்கல் இருக்கு, அதை தெரிஞ்சுக்காம நான் ரெண்டு வாரம் அலைஞ்சேன். கேரவனுக்குன்னு வர்ற தகடு தள்ளுற மாதிரி வால்வ் அமெரிக்க அளவு, 3 இஞ்ச்னா பைப்போட வெளி விட்டம் 88.9 எம்எம். கடையில 90 எம்எம் பைப் கேட்டா தர்றது முழுசா 90, பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள போகாது, தேய்ச்சு சொருகினா சரியா ஒட்டாது. 110 எம்எம் எஸ்டபிள்யூஆர் (வீட்டு கழிவுநீர்) பைப் அதைவிட பெருசு. 3 இஞ்ச் ஷெட்யூல் 40 யுபிவிசின்னு கேளுங்க, அது 88.9 தான். வால்வ் பெரும்பாலும் ஏபிஎஸ்ல வரும், அதனால அதையும் பைப்பையும் ஒட்டாம ரப்பர் கப்ளிங் போட்டு ரெண்டு பக்கமும் எஸ்எஸ் கிளாம்ப் இறுக்கிட்டேன். வண்டி அதிர்றப்ப ரப்பர் தாங்கிக்குது, கழட்டணும்னா ஸ்க்ரூடிரைவர் போதும். கிரேக்கு சாதாரண யுபிவிசி பால் வால்வே அருமையா வேலை செய்யுது, எந்த ஊர் கடையிலயும் கிடைக்கும். பிளாக்குக்கு மட்டும் தகடு வால்வ், ஏன்னா நாலு போல்ட்டை கழட்டினா ரெண்டு ரப்பர் சீலை மட்டும் மாத்திடலாம், ஒரு செட் சீல் வண்டிலயே வெச்சிருங்க. சீலுக்கு சிலிகான் கிரீஸ்தான், வண்டி கிரீஸ் தடவினா ரப்பர் ஊதிப்போகும். வால்வுக்கு வெளிய ஒரு திருகு மூடியும் போட்டுடுங்க, வால்வ் ஒரு நாள் கைவிட்டாலும் ரோட்டுல ஊத்தாது.

நாத்தத்துக்கு நிறைய பேர் கெமிக்கல் மேல கெமிக்கல் ஊத்துறாங்க, ஆனா பாதி நேரம் தப்பு வென்ட்லதான். டேங்க்லேருந்து கூரைக்கு போற ஒன்றரை இஞ்ச் பைப் டேங்க்குக்குள்ள ஒரு இஞ்ச் மட்டும்தான் இறங்கியிருக்கணும். எங்க வண்டில அது நழுவி அஞ்சு இஞ்ச் உள்ள போயிருந்துச்சு, டேங்க் முக்கால்வாசி நிரம்பினதும் பைப் வாய் தண்ணில முழுகிடும், அப்புறம் வாயு போக வழியில்லாம ஃப்ளஷ் அழுத்துற ஒவ்வொரு தடவையும் டாய்லெட் வழியாத்தான் வெளிய வரும். பைப்பை மேல தூக்கி ரப்பர் க்ராமெட் (ஓட்டைல போடுற வளையம்) போட்டு, கூரைக்கு கீழ கிளாம்ப் அடிச்சதும் நாத்தம் பாதிக்கு மேல போயிடுச்சு. சிங்க்குக்கு கீழ தண்ணி நிக்கிற வளைவு ட்ராப் வண்டிக்கு சரிப்படாது, கொல்லிமலை மாதிரி வளைவுல ஏறினா தண்ணி அலம்பி போயிடும், வாசனை மேல வந்துடும். உள்ள சிலிகான் சவ்வு இருக்கிற தண்ணியில்லாத ட்ராப் போடுங்க, தண்ணி போகும்போது திறக்கும், மத்த நேரம் ஒட்டி மூடிக்கும்.

டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுற சென்சர் உள்ள கம்பி நீட்டிக்கிட்டு இருக்கிற ரகம்னா கொஞ்ச நாள்ல அழுக்கு படிஞ்சு எப்பவும் ஃபுல்லுன்னே காட்டும். பிளாஸ்டிக் டேங்க்ல வெளிப்புறமா ஒட்டுற கெப்பாசிட்டிவ் சென்சர் போட்டா அந்தத் தொல்லை இல்ல, இரும்பு ஃப்ரேமை விட்டுத் தள்ளி ஒட்டுங்க.

டேங்க் தாங்கியையும் அப்படியே பாருங்க. 100 லிட்டர்னா தண்ணி மட்டுமே 100 கிலோ. எங்களுது ரெண்டு பட்டைல தொங்கிட்டு இருந்துச்சு, நாலாக்கி நடுவுல ரப்பர் ஷீட் வெச்சு அதிர்வுல கழலாத நைலாக் நட்டு போட்டோம், பெங்களூர் ஜே.சி. ரோட்டுல எல்லாம் கிடைச்சுது. சேஸிஸ் மெயின் ரெயில்ல துளை போடாதீங்க, குறுக்கு மெம்பர்ல கிளாம்ப் பண்ணுங்க.

காசு இருந்தா 12 வோல்ட் மேசரேட்டர் பம்ப் ஒண்ணு, உள்ள பிளேடு சுத்தி எல்லாத்தையும் கூழாக்கி சின்ன ஹோஸ்ல தள்ளும், வீட்டு டாய்லெட் நம்ம வண்டி டேங்க்கை விட உயரத்துல இருந்தாலும் ஏத்திடும். நம்ம வீட்டுல பேப்பர் போடாம தண்ணில கழுவுறதால அடைப்பும் கம்மி, ஆனா ஹெல்த் ஃபாசெட்ல டேங்க் சீக்கிரம் நிரம்பும், அதுக்கு ஒரு சொம்பு வெச்சுக்கிட்டோம். நாப்கின், வெட் வைப்ஸ் போனா பம்ப் போச்சு. தடிமனான வயர், பம்ப் பேப்பர்ல சொன்ன ஃபியூஸ், தண்ணியில்லாம ஓட விடக்கூடாது.

கடைசியா, எங்க கொட்டுறது. ரோட்டோர மழைநீர் கால்வாய்ல கூடவே கூடாது, ராஜகால்வாய்ங்கிற பெரிய மழைநீர் கால்வாய் எல்லாம் ஏரிக்குத்தான் போகுது, பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி 2017ல தீப்பிடிச்சதை இந்த ஊர்ல இருக்கிறவங்க மறந்திருக்க மாட்டோம். வீட்டு டாய்லெட்லயோ யுஜிடி (பாதாள சாக்கடை) சேம்பர்லயோ விடுங்க. அபார்ட்மென்ட்னா எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) பார்க்குறவர்கிட்ட கேட்டுட்டு விடுங்க, ஃபார்மால்டிஹைடு கலந்த டேங்க் கெமிக்கல் போட்டிருந்தா எஸ்டிபில இருக்கிற பாக்டீரியா செத்துடும், அதனால நான் பயோ கல்ச்சர் பவுடர் (கழிவை மக்க வைக்கிற பாக்டீரியா) மட்டும்தான். ஊர்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா செப்டிக் டேங்க் உறிஞ்சுற லாரிக்காரங்களை கூப்பிடலாம்.

முகாம்ல இருக்கும்போது பிளாக் வால்வை திறந்தே வெக்காதீங்க, தண்ணி மட்டும் ஓடிப்போய் கெட்டி உள்ள குவியும். முக்கால்வாசி நிரம்பினதும் பிளாக்கை முதல்ல விடுங்க, அப்புறம் கிரே, சோப்புத்தண்ணி போற வேகத்துல ஹோஸ் தானா அலசிடும். மேல் மூடி வழியா ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி திரும்ப ஒரு தடவை விட்டு, ரெண்டு வால்வையும் மூடி, வெளி மூடியைத் திருகி, பிளாக் டேங்க்ல புதுசா 5 லிட்டர் தண்ணியும் ஒரு ஸ்பூன் பயோ கல்ச்சர் பவுடரும் போட்டுட்டு வண்டிய எடுங்க.