நன்றியுரைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் ஆய்வேட்டை என்னிடம்தான் பைண்டிங் செய்யக் கொடுப்பார்கள். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், நாடகப் பிரதி எல்லாம் இதே மெஷினில்தான் ஓடும். ஒருமுறை ஒரே வாரத்தில் வந்த இரண்டு ஆய்வேடுகளில் ஒரே பாட்டியின் படம். ஒன்று தாலாட்டு பற்றியது. இன்னொன்று சயாம் மரண இரயில் பற்றியது, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நம் ஆட்களைக் கொண்டுபோய்ப் போடவைத்த பாதை. இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டதே இல்லை. பாட்டியிடம் சொன்னேன். "இதோட அஞ்சு பேரு வந்துட்டாங்க தம்பி, எல்லாருக்கும் அதே பாட்டத்தான் பாடுறேன்" என்றார்.

அன்றுதான் கலை, இலக்கியம், வரலாறு என்று தனித்தனியே ஓடுகிறவர்கள் எங்கெங்கே சேர்ந்து உழைக்கிறார்கள், எங்கே சேராமல் விட்டார்கள் என்று வரைந்து பார்க்க ஆரம்பித்தேன். உங்கள் ஊருக்கும் செய்யலாம்.

முதலில் எல்லையைப் போடுங்கள். 'மலேசியத் தமிழர் ஆய்வு' என்று கிளம்பினால் ஆயுளுக்கும் முடியாது. நான் எங்கள் சுற்றுவட்டாரத் தோட்ட வாழ்க்கை என்று வைத்துக்கொண்டேன். அதிலும் ஒரு சிக்கல். 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதையொட்டி, அப்போதைய பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் கொண்டுவந்ததால், அதைப் பற்றி எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தால் மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். அதற்குத் தனித் தாள்.

தாள் என்றால் மாஜோங் பேப்பர் (பெரிய வெள்ளைத் தாள்), பென்சில், ரப்பர். கணினி அப்புறம்.

நான்கு வகைப் புள்ளி போதும்: ஆள், நிறுவனம், படைப்பு, மூலப்பொருள். மூலப்பொருள் என்பது பாட்டு, பழைய படம், கிராணியின் (தோட்டத்து எழுத்தரின்) கணக்குப் புத்தகம் போன்றவை. இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதியிருக்கவே மாட்டார்கள். ஆனால் ஒரே பாட்டைத் தொட்டிருப்பார்கள். அந்தப் பாட்டுதான் அவர்களைச் சேர்த்து வைக்கும்.

புள்ளிகளை இணைக்கும் கோட்டின் மேல் கட்டாயம் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். 'பாடினார்', 'பதிவு செய்தார்', 'படம் கொடுத்தார்', 'மொழிபெயர்த்தார்', 'செலவுக்குப் பணம் தந்தது'. வெறும் கோடு எதையும் சொல்லாது. ஆய்வில் யார் என்ன செய்தார் என்று குறிக்க 'கிரெடிட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது, 14 பங்குகள். மென்பொருள் எழுதியவருக்கு அதில் தனி இடம் உண்டு. பாட்டுப் பாடியவருக்கு இல்லை. அதனால் நான் சொந்தமாகவே வினைச்சொற்களை வைத்துக்கொண்டேன்.

சரி, தகவல் எங்கே கிடைக்கும்? ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நம் துறைகளில் அட்டையில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கும். கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடினால் கோயில் மலரும் நாடகப் பிரதியும் வராது. கூட்டு உழைப்பு ஒளிந்திருப்பது நன்றியுரையில். யார் வீட்டில் தங்கினார், யார் மோட்டாரில் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார், யார் ஒலிநாடாவைக் கேட்டு எழுத்தாக்கினார் எல்லாம் அங்கே இருக்கும். நன்றியுரையில் மட்டும் கிடைத்த தொடர்புக்குப் புள்ளிக்கோடு. நேரில் கேட்டு உறுதி செய்தபின் முழுக்கோடு. இப்படி என் தாளில் பாதிக்கு மேல் நன்றியுரையிலிருந்து வந்தவைதான்.

கை பழக ஒரு பழைய கதையை வரையுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள், 1964இல் டெல்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் மாநாடு. அங்கிருந்து கோடு 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்று ஓடும். வரைந்தால் நிறுவனப் புள்ளிகளாகவே வரும். மாநாட்டில் நாற்காலி போட்டவர் யார் என்று தேட அப்போதுதான் தோன்றும்.

தாள் நிரம்பியதும் கணினிக்குப் போகலாம். ஒரு வரிக்கு ஒரு கோடு: யாரிடமிருந்து, யாருக்கு, வினை, ஆண்டு, எங்கே பார்த்தேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. கெஃபி என்ற இலவச மென்பொருள் இந்த அட்டவணையை வாங்கிக்கொண்டு புள்ளியும் கோடுமாக வரைந்து காட்டும். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

பெரிய தலைவலி பெயர்தான். ஒரே ஆள் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக இருப்பார். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இங்கே பெயரில் போடுவதற்குப் பிறகு வரும் அப்பா பெயரை வெளிநாட்டுத் தளங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டிய அப்பா திடீரென்று ஆய்வாளராகிவிடுவார். (அவருக்கும் தகுதி உண்டு, அது வேறு.) ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் வைத்திருப்பவருக்கு அந்த 16 இலக்கத்தை எழுதுங்கள், மற்றவர்களுக்கு ஊர், தோட்டம் சேர்த்து நீங்களே ஓர் எண் கொடுங்கள்.

அதிகக் கோடுகள் உள்ள புள்ளியைக் கெஃபியில் பெரிதாகக் காட்டச் சொல்லலாம். நான் சொன்னேன். நடுவில் பூசணிக்காய் மாதிரி வந்து நின்றது என் கடை! எல்லாரும் பைண்டிங் செய்ததற்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். வேலைக்குக் கூலி வாங்கியவரை வேறு நிறத்துக்கு மாற்றி எண்ணிக்கையிலிருந்து எடுத்தேன். அடுத்த பெரிய புள்ளி பாட்டி.

படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன், அதில் இருப்பவர்களில் உயிரோடு இருப்பவர்களிடம் காட்டிக் கேளுங்கள். ஒருவர் தன் பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்; காரணம் கேட்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாள் ஒட்டுக்கடையில் உட்கார வைத்துத் தே வாங்கிக் கொடுத்தேன். தாலாட்டு ஒலிப்பதிவில் பாட்டி நடுவில் நிறுத்தி, சயாமுக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றி நாலு நிமிடம் பேசியிருக்கிறார். அது 'தேவையில்லாதது' என்று வெட்டப்பட்டிருந்தது. மற்றப் பிள்ளை இரண்டு வருடமாகத் தேடியது அதைத்தான்.

தாளின் மூலையில் தேதி எழுத மறக்காதீர்கள். என் முதல் தாளில் எழுதவில்லை. இப்போது எது முந்தியது என்று கறையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.