குடும்பப்பெயர்க் கணக்கு: அமெரிக்க சென்சஸ் பட்டியலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடும்பப்பெயர் பெருகுகிறதா, அருகுகிறதா என்று தேடுபவர்களுக்குக் கிடைக்கும் நல்ல தரவுகளில் ஒன்று, அமெரிக்க சென்சஸ் துறையின் பெயர்ப் பட்டியல். 2000, 2010 கணக்கெடுப்புகளில் குறைந்தது 100 பேருக்காவது இருந்த பெயர்கள் அத்தனையும் எண்ணிக்கையோடு அதில் இருக்கின்றன. தரவில் குறை சொல்ல அதிகமில்லை. அதைப் படிக்கும் விதத்தில்தான் கணக்கு பிசகுகிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, எண்ணிக்கை கூடினாலே பெயர் பெருகிவிட்டது என்று எழுதிவிடுவது. ஸ்மித் என்ற பெயர் 2000இல் 23,76,206 பேருக்கு இருந்தது. 2010இல் 24,42,977 பேருக்கு. 66,771 பேர் கூடுதல். ஆனால் லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் 880.85இலிருந்து 828.19 ஆக இறங்கியிருக்கிறது. ஸ்மித்கள் 2.8% கூடிய அதே பத்தாண்டில் மற்றவர்களையும் சேர்த்த மொத்தம் 9%க்கு மேல் கூடியதால், ஸ்மித்தின் பங்கு ஏறக்குறைய 6% குறைந்தது. ஒரு பெயர் எவ்வளவு பரவலானது என்பதற்கு இந்தப் பங்குதான் சரியான அளவுகோல்.

பங்கைக் கணக்கிடும்போது எதால் வகுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2010இல் அமெரிக்க மக்கள்தொகை 30.87 கோடி. அதால் வகுத்தால் ஸ்மித்துக்கு லட்சத்துக்கு 791 வரும். பட்டியல் சொல்வதோ 828. பயன்படுத்தத்தக்க பெயர் பதிவான சுமார் 29.5 கோடிப் பேரை மட்டும் வைத்துப் பட்டியல் கணக்கிடுவதே காரணம். 2000க்கு அந்த அடித்தொகை சுமார் 26.98 கோடி. ஓர் ஆண்டுக்குப் பட்டியலின் விகிதத்தையும் மறு ஆண்டுக்குச் சொந்தமாக வகுத்த விகிதத்தையும் ஒப்பிட்டால், இல்லாத ஏற்றமோ இறக்கமோ முளைத்துவிடும். அடித்தொகை தெரியாவிட்டால், எண்ணிக்கையை அதன் லட்ச விகிதத்தால் வகுத்து 1,00,000ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும். இன்னொன்று: 2010 பட்டியல் கோப்பின் கடைசி வரியில் 'மற்ற எல்லாப் பெயர்களும்' என்று 2.93 கோடிப் பேர் ஒன்றாக நிற்பார்கள். தரவரிசை எண் 0. பெயர்களை மட்டும் வைத்துச் சராசரி பார்க்கும் முன் இந்த வரியை நீக்கிவிடுங்கள்.

தரவரிசையை நம்புவதும் ஆபத்துதான். மில்லர் 6ஆம் இடத்திலிருந்து 7க்கு இறங்கியது. ஆட்கள் குறைந்து அல்ல. 11,27,803 பேர் 11,61,437 ஆகக் கூடியிருக்கிறார்கள். கார்சியா 8,58,289இலிருந்து 11,66,120க்குத் தாவி மில்லரை முந்தியது. இருவருக்கும் இடையே வெறும் 4,683 பேர்தான். பட்டியலின் அடியில் இது இன்னும் மோசம். அங்கே ஒரே எண்ணிக்கையில் ஏராளமான பெயர்கள் நிற்பதால், இரண்டு மூன்று பேர் கூடினாலே ஆயிரக்கணக்கான இடங்கள் மாறும்.

பட்டியலில் காணாத பெயர் அழிந்துவிட்டதாக அறிவிக்காதீர்கள். 2000இல் 1,51,671 பெயர்களும் 2010இல் 1,62,253 பெயர்களும் இடம்பெற்றன. 2010இல் பதிவான மொத்தப் பெயர்களோ சுமார் 63 லட்சம். அவற்றில் 62% ஒரே ஒருவர் மட்டும் எழுதிக்கொடுத்தவை. எழுத்துப்பிழைகளும் அதில் கலந்திருக்கும். 2000இல் இல்லாத பெயர் 2010இல் 104 பேரோடு வந்தால், முன்பு 98 பேர் இருந்திருக்கலாம். இப்படிச் சிறிய பெயர்களுக்குச் சதவீத வளர்ச்சி போடாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்வது நல்லது.

1990 பட்டியலை இவற்றோடு கோடு போட்டு இணைப்பதையும் தவிர்க்க வேண்டும். அது முழுக் கணக்கெடுப்பு அல்ல. ஏறத்தாழ 63 லட்சம் பதிவுகள் கொண்ட மாதிரியிலிருந்து எடுத்தது. முன்னணிப் பெயர்களுக்கு ஓரளவு பொருந்தும், அரிய பெயர்களுக்குப் பொருந்தாது.

ஒரே எழுத்துக்கூட்டல் என்றால் ஒரே வம்சம் என்று நினைப்பது வேறு வகைத் தவறு. லீ என்ற பெயரை ஆங்கிலேயர், சீனர், கொரியர், கறுப்பினத்தவர் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். 2010இல் அப்பெயருள்ளோரில் சுமார் 42% ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர். இந்த இனவாரிக் கட்டங்களில் அடைப்புக்குறிக்குள் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால், தனியுரிமைக்காக எண்ணை மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பூஜ்ஜியமாக்கிக் கூட்டக் கூடாது. பெயருக்குள் வரும் இடைவெளியையும் மேற்கோள் குறியையும் கோப்பு நீக்கிவிடும் என்பதால், ஓ'பிரையன் போன்ற பெயர்களைக் குறியில்லாமல் சேர்த்தே தேட வேண்டும்.

வளர்ச்சிக்குப் பிறப்பை மட்டும் காரணமாக்குவதும் தவறு. பட்டேல் 1,45,066இலிருந்து 2,29,973 ஆனதில் குடியேற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

தமிழ்ப் பெயர்களுக்கு வரும்போது மேலே சொன்ன எதுவும் அப்படியே செல்லாது. நம்மில் பலர் லாஸ்ட் நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். சுப்ரமணியனின் மகன் கார்த்திக் 'கார்த்திக் சுப்ரமணியன்' ஆவார். அவர் மகளோ பல வீடுகளில் 'கார்த்திக்' என்பதை லாஸ்ட் நேமாகப் பெறுவாள். வீட்டில் ஆள் கூடியும் சுப்ரமணியன் எண்ணிக்கை குறையும். சில குடும்பங்கள் தாத்தா பெயரையே நிலையான குடும்பப்பெயராக வைத்துக்கொள்கின்றன; அங்கே எண்ணிக்கை கூடும். இரண்டும் ஒரே வரியில் கலந்து கிடப்பதால், இந்தப் பட்டியலை வைத்து ஒரு தமிழ்க் குடும்பம் வளர்ந்ததா தேய்ந்ததா என்று சொல்ல முடியாது.