கீறலைவிடப் பற்பசை மோசம்

புதிய போன் வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது திரையின் நடுவே தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. பற்பசை தேய்த்தால் கீறல் மறையும் என்பார்களே, அன்று மாலை அதைத் தடவிக் கால் மணி நேரம் வட்டமாகத் தேய்த்தேன். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றிப் புதிதாக ஒரு மங்கல் வட்டம் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு வெயிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வட்டம்தான்.

பற்பசை வைத்தியம் பொய்யில்லை, காலாவதியானது. பழைய பட்டன் போன்களின் திரை பிளாஸ்டிக். 2007 ஜனவரியில் அறிமுகம் செய்த முதல் ஐபோனுக்கே பிளாஸ்டிக் திரைதான். அந்த ஜூனில் கடைக்கு வருமுன்தான் கண்ணாடிக்கு மாற்றினார்கள். பற்பசையில் இருக்கும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் துகள்கள் பிளாஸ்டிக்கைச் சுரண்டி மட்டமாக்கிவிடும். கண்ணாடியில் அவற்றின் பாச்சா பலிக்காது. ஆனால் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டாமலிருக்கக் கண்ணாடியின் மேல் நானோமீட்டர் கணக்கில் ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் போவது அதுதான். போன இடத்தில் விரல் வழுக்காது, பிசுக்கு அப்பிக்கொள்ளும். சமையல் சோடா, சாம்பல், உப்புத்தாள் எல்லாம் இதே கதை. உப்புத்தாள் இன்னும் ஒரு படி மேல்: ஒரு கீறலை நூறாக்கித் தரும்.

சீரியம் ஆக்சைடு என்ற பாலீஷ் பொடி மட்டும் கண்ணாடியை உண்மையிலேயே மெருகேற்றும். கண்ணாடித் தொழிலில் புழங்குவதுதான். ஆனால் அதைத் தண்ணீரில் குழைத்து, மணிக்கணக்கில் தேய்த்தாக வேண்டும். போனுக்குள் நீர் இறங்கும், பூச்சு முழுவதும் போகும், தேய்த்த இடம் லேசாகக் குழிந்து எழுத்துகள் நெளியும். வேண்டாம்.

சாவியைக் கண்டு பயப்படுவதும் பிளாஸ்டிக் காலத்து மிச்சம். 1812-இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் வைரம் 10. போன் கண்ணாடியில் பொதுவாக 6 அளவுள்ள பொருள் உரசினால் கீறல் தொடங்கும், 7 என்றால் ஆழமாகும். பித்தளைச் சாவியும் சில்லறைக் காசும் இதற்கெல்லாம் கீழே. அவை உரசினால் பெரும்பாலும் உலோகம்தான் கண்ணாடியில் கோடாக ஒட்டும். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் போகலாம். உண்மையான எதிரி மணல். அதிலுள்ள குவார்ட்ஸ் சரியாக 7. மெரினாவில் உட்கார்ந்துவிட்டு வந்த கால்சட்டைப் பையில் நாலைந்து மணல் பருக்கை போதும். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை மணலில் கார்னெட்டும் உண்டு. உப்புத்தாள் செய்யவே பயன்படும் கல் அது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுபவர்கள் தூசியையும் சேர்த்தே செருகுகிறார்கள்.

பலருக்கும் தோன்றாத இன்னொன்று கல் தோடு. தங்கம் மென்மையானது, அதனால் ஒன்றும் ஆகாது. அமெரிக்கன் டயமண்ட் என்று விற்கும் கல்லோ 8-க்கு மேல். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு தோசை வார்க்கும் வீடுகளில், திரையின் மேல்பகுதியில் வரும் கீறல்களுக்குப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம்.

கோட்டைப் பார்த்ததும் சட்டை நுனியாலோ முந்தானையாலோ பரபரவென்று தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மேலே மணல் இருந்தால் அந்தத் தேய்ப்பே அடுத்த கீறல். முதலில் ஊதுங்கள், தட்டிவிடுங்கள். பிறகு லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி. அதன் பின் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்து, நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் அது மேலோட்டமான கீறல். தடுக்கினால் ஆழம். இந்தக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுத்து, மேற்புறத்தை இறுக்கமான அடுக்காக ஆக்கியிருப்பார்கள். அதன் வலுவே அங்கேதான். ஆழமான கீறல் அந்த அடுக்கைப் பலவீனமாக்கும், அடுத்த முறை விழும்போது விரிசல் அங்கிருந்தே கிளம்பலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: பல நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி அனுப்புகின்றன. கீறல் அதில் இருந்தால் உரித்தெறிந்தால் முடிந்தது. மடிக்கும் போன்களில் மட்டும் உரிக்கக் கை வைக்காதீர்கள். அங்கே மேலே இருப்பது திரையோடு சேர்ந்த பிளாஸ்டிக் அடுக்கு, நகம் பட்டாலே தடம் விழும்.

திரையைக் காக்க மேலே ஒட்டும் டெம்பர்டு கிளாஸின் அட்டையில் '9எச்' என்று போட்டிருப்பதை மோஸ் அளவின் 9 என்று நம்புவதும் தவறு. அது பென்சிலை வைத்துச் செய்யும் சோதனை. 9எச் பென்சில் கீறவில்லை, அவ்வளவுதான். மணல் அதையும் கீறும். அது கீறல் வாங்கட்டும் என்றுதானே ஒட்டுகிறோம்.

பெட்டியைத் திறந்த அன்றே கீறல் இருந்தால் கதை வேறு. அங்கே பெரிய தவறு, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடுவது. வாரன்டியில் கீறல் பொதுவாகச் சேராது, பயன்படுத்தியதால் வந்தது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் திறக்கும்போதே இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள்; மேலுறையை உரிப்பதும் அதில் வர வேண்டும். புகாரை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. ஆன்லைனில் வாங்கிய குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

மெல்லிய கோட்டுக்காகக் கண்ணாடியை மாற்றப் போனதுதான் நான் கடைசியாகச் செய்யப் பார்த்த தவறு. கண்ணாடியும் டிஸ்பிளேவும் பசையால் ஒன்றாக ஒட்டியவை. சூடாக்கிப் பிரித்தால் டிஸ்பிளே போகவும் வாய்ப்புண்டு, தண்ணீர் புகாத் தன்மையும் பழையபடி இருக்காது. பழுது பார்ப்பவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோடு இருக்கட்டும் சார், இந்த வட்டம் எப்படி வந்தது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு டெம்பர்டு கிளாஸை ஒட்டிக் கொடுத்தார். பசை நிரவியதில் கோடும் வட்டமும் கண்ணுக்குப் படாமல் அடியில் கிடக்கின்றன.