மணல் வளவில் மாதுளை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற வெறும் மணல். முதல் மாதுளைக் கன்றைத் தண்ணீர் ஊற்ற வசதி என்று கிணற்றடிப் பள்ளத்தில் நட்டேன். கோடை முழுதும் செழித்து நின்றது. மார்கழி மழையில் ஐந்தாறு நாள் காலடியில் வெள்ளம் நின்றது. தை பிறக்கும்போது இலையெல்லாம் மஞ்சள், வேர் அழுகிவிட்டது. மாதுளை வெயிலையும் வறட்சியையும் தாங்கும். வேரில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

அதனால் இப்போது மேடு கட்டித்தான் நடுகிறேன். நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பாருங்கள், தென்னை நிழல் வேண்டாம். இரண்டடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மக்கிய ஆட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, தரையிலிருந்து ஓரடி உயர்த்துங்கள். கோடையில் மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

விதையில் முளைத்த கன்று தாய்மரத்தின் குணத்தோடு வரும் என்று சொல்ல முடியாது. நல்ல பழம் தருகிற மரத்தில் பென்சில் தடிப்பான முற்றிய கொப்பை எட்டு, பத்து அங்குலத்தில் வெட்டி, முக்கால்வாசி மண்ணுக்குள் போகும்படி பையில் ஊன்றுங்கள். நான் ஐப்பசியில் ஊன்றி, மழை ஓய்ந்த பிறகு மேட்டுக்கு மாற்றினேன். மூன்றாம் வருடம் காய்த்தது. அடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளைக் கிள்ளிவிட்டு மூன்று, நான்கு தண்டு மட்டும் விடுங்கள். வேலியோரம் நெருக்கி நட்டால் முள்ளோடு நல்ல அடைப்பாகவும் இருக்கும்.

பூ கொட்டினால் நாவூறு பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். எனக்கும் முதலில் மனம் கலங்கியது. பிறகு உற்றுப் பார்த்தேன். அடி ஒடுங்கி மணி போல இருப்பவை ஆண் பூக்கள், அவை கொட்டத்தான் செய்யும். அடி பருத்துக் குடம் போல இருப்பவைதான் காயாகும்.

சரி, காய் வெடிப்பதுதான் பெரிய வேதனை. மேற்கிலிருந்து கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் ஆனி, ஆடியில் மண் காய்ந்து கிடக்க விட்டு, திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே முத்துகள் பருத்துத் தோல் கிழிந்துவிடும். ஒரு வருடம் பாதிக் காய்களை இப்படி இழந்தேன். இப்போது காய் நிற்கும் காலம் முழுக்க மூன்று நாளைக்கு ஒருதடவை, ஒரே அளவாக இரண்டு வாளி. காலடியில் சருகு மூடாக்கு. மழை ஓய்ந்ததும் காய்ந்த கொப்புகளைக் கழித்து எருவும் தண்ணீரும் கொடுத்தால் மாசி, பங்குனியில் பூக்கும். பூத்து ஐந்து, ஆறு மாதத்தில் பழுக்கும் என்பதால் ஐப்பசி மழைக்கு முன்பே பறித்துவிடலாம்.

காய் தேசிக்காய் (எலுமிச்சை) அளவானதும் பழைய பருத்தித் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும், அதன் புழு துளைத்து உள்ளே போய்விடும். துளை கண்ட காயை உடனே பறித்து எரித்துவிடுங்கள்.

மாதுளை பறித்த பிறகு பழுக்காது. தோலின் மினுக்கம் குறைந்து, உருண்டைக் காய் பக்கம் பக்கமாகத் தட்டையாகி, சுண்டினால் கணீரென்று கேட்டால் பழம் தயார். கையால் முறுக்காமல் கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள்.